மூளைக் கோடும் குற்றவாளிக் கூண்டும்

(பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2010 மே 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பிலிருந்து தொடங்குகிறேன். ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ என்பது வழக்கின் பெயர். தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் ஆர். வி. ரவீந்திரன், ஜே. எம். பஞ்சால் ஆகிய மூவரும் அமர்ந்து விசாரித்தார்கள். மயக்க மருந்து கொடுத்து விசாரிப்பது, பொய் அறியும் கருவியில் உட்கார வைப்பது, தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவது ஆகிய மூன்றையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்றது தீர்ப்பு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவும், தனிமனித சுதந்திரத்தைக் காக்கும் 21ஆம் பிரிவும் அதற்கு ஆதாரம். வாய் திறக்காமலே ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னதாக ஆகிவிடுகிறது, ஆகவே இதுவும் சாட்சியம்தான் என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். முடிவு சரியானது. ஆனால் அந்தத் தர்க்கம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: மூளையைப் பதிந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கை. இம்முறைகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்ற ஐயத்தையும் தீர்ப்பு எழுப்பத்தான் செய்கிறது. எனினும் அதன் பெரும் பாரம் உரிமைகளின் மேல்தான். நான் சொல்ல வருவது அந்த ஐயத்தைப் பற்றி. மொழியை மூளை எப்படிக் கையாள்கிறது என்று ஐம்பது ஆண்டுகளாகப் பதிவு செய்து பார்த்த ஆராய்ச்சியைக் கூர்ந்து படித்தால், அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று தெரியும். மூளைப் பதிவு ஒப்பீட்டுக்கு விடை சொல்லும். ‘இந்த ஆள் இதைச் செய்தாரா’ என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது.

இந்தப் பதிவு எப்படித் தொடங்கியது என்று முதலில் பார்ப்போம். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிந்தார், 1929இல் வெளியிட்டார். ஒருவர் எண்ணம் இன்னொருவரைத் தொலைவிலிருந்தே எட்டுமா என்ற தேடல்தான் அவரை இதில் இறக்கியது. எண்ணத்தைப் படிக்கும் ஆசை இந்தக் கருவியோடு கூடவே பிறந்தது என்று சொல்லலாம். கிடைத்ததோ தலைத்தோலில் சில பத்து மைக்ரோவோல்ட் அளவில் ஏறி இறங்கும் ஒரு கோடு. ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சொல்லைக் கேட்டதால் மூளையில் உண்டாகும் மாற்றம் அதிலும் சில மைக்ரோவோல்ட்தான். கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், வியர்த்தால் அதைவிடப் பெரிய அலை வரும். அதனால் ஒரே வகைச் சொல்லைப் பலமுறை கொடுத்து, கிடைக்கும் பதிவுகளைச் சராசரி எடுக்கிறார்கள். 36 முறை கொடுத்தால் சம்பந்தமில்லாத இரைச்சல் ஆறில் ஒரு பங்காகும். 100 முறை கொடுத்தால் பத்தில் ஒரு பங்காகும். இங்கே பீன்யாவிலேயே இஸ்ரோவின் இஸ்ட்ராக் நிலையம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது கட்டுப்பாட்டு அறை இருந்தது அங்கேதான். அங்கும் இரைச்சலுக்குள் இருந்து மெலிந்த சமிக்ஞையைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆனால் நிலவிலிருந்து வரும் சமிக்ஞை எந்தக் குறிமுறையில் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதை வகுத்தவர்களே அவர்கள்தான். மூளையின் குறிமுறையை யாரும் வகுத்து நம் கையில் கொடுக்கவில்லை. இரைச்சலை நீக்கிவிட்டால் பொருள் விளங்கிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பொருளை நோக்கி ஓர் அடியாவது எடுத்து வைத்த கண்டுபிடிப்பு 1980இல் வந்தது. மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை அது. வாக்கியத்தின் கடைசிச் சொல் முன்னே வந்ததற்குப் பொருந்தாமல் இருந்தால், அந்தச் சொல் கண்ணில் பட்ட சுமார் 400 மில்லி வினாடியில் எதிர்மின் அலை ஒன்று பெரிதாக எழுகிறது என்று கண்டார்கள். என்400 என்று அதற்குப் பெயர். ‘அம்மா இட்லிக்குச் சட்னி அரைத்தாள்’ என்றால் அந்த அலை சிறிதாக இருக்கும். ‘அம்மா இட்லிக்குச் செருப்பு அரைத்தாள்’ என்றால் ‘செருப்பு’ என்ற இடத்தில் பெரிதாகும். அரை வினாடி முடிவதற்குள் மூளை பொருளோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுகிறது என்பதை இந்த அலை துல்லியமாகக் காட்டியது. ஆனால் பாருங்கள், அந்த அலையை ஆயிரக்கணக்கான ஆய்வுகள் பதிந்த பிறகும், அது சொல்லை நினைவிலிருந்து எடுப்பதன் அடையாளமா, எடுத்த சொல்லை வாக்கியத்தில் பொருத்துவதன் அடையாளமா என்ற விவாதம் முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரப்போகும் சொல்லை மூளை முன்கூட்டியே கணித்து, அதற்கு முன் வரும் ‘எ’, ‘ஆன்’ போன்ற ஆங்கிலச் சுட்டுச் சொற்களிலேயே அதைக் காட்டிவிடுகிறது என்று 2005இல் ஓர் ஆய்வு சொன்னது. பாடப் புத்தகங்களிலும் ஏறியது. 2018இல் 9 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 334 பேரை வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்தன. பெயர்ச்சொல்லில் விளைவு கிடைத்தது. சுட்டுச் சொல்லில் கிடைக்கவில்லை. நான் இதை அந்தத் துறையின் தோல்வியாகச் சொல்லவில்லை. ஓர் ஆய்வுக்கூடத்தின் முடிவை இன்னோர் ஆய்வுக்கூடம் திரும்பச் செய்து பார்த்துத் திருத்தலாம். சிறைக்குப் போனவருடைய ஆண்டுகளை யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

நல்ல மூளைப் பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு இதே பெங்களூரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். பி. அருணும் உடன் ஆய்ந்தவர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. படிக்கக் கற்றுக்கொண்டால் கண் வழியே எழுத்தைக் காணும் விதம் மாறுகிறதா என்பது கேள்வி. தெலுங்கு படிக்கத் தெரிந்து மலையாளம் தெரியாதவர்களையும், மலையாளம் படிக்கத் தெரிந்து தெலுங்கு தெரியாதவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். இரு கூட்டத்துக்கும் இரு எழுத்துகளையும் காட்டினார்கள். ஒரு கூட்டத்துக்குப் பழகிய எழுத்து மற்றதற்குப் பழகாதது. ஆக ஒவ்வொன்றும் மற்றதற்கு அளவுகோல். அறிவுத்திறன், வயது, களைப்பு என்று சாக்குச் சொல்ல வழியில்லாத அமைப்பு. படிக்கத் தெரிந்தவர்களின் மூளையில், இரண்டு எழுத்துச் சேர்க்கைக்கு எழும் பதில் தனித்தனி எழுத்துகளின் பதிலிலிருந்து எளிதாகக் கணிக்கக் கூடியதாக இருந்தது. 2017இல் வந்த இன்னோர் ஆய்வு லக்னோவை ஒட்டிய கிராமங்களில், எழுத்தறியாமல் வளர்ந்த பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்து, முன்னும் பின்னும் எஃப்எம்ஆர்ஐ (மூளையின் ரத்த ஓட்டத்தைப் படம்பிடிக்கும் முறை) பதிவு எடுத்தது. மூளையின் மேற்புறணியில் மட்டுமா, ஆழத்தில் தலாமஸ், மூளைத்தண்டு வரை மாற்றம் தெரிந்தது. 2022இல் 45 மொழி பேசுவோரை ஒரே முறையில் பதிந்து ஒப்பிட்ட ஆய்வில் தமிழும் இருந்தது. மொழிக் குடும்பங்கள் 12 ஆனாலும் மூளையில் மொழியைக் கையாளும் வலையமைப்பு ஏறத்தாழ ஒன்றே என்று அது கண்டது. இவை ஒவ்வொன்றிலும் ஆய்வாளருக்கு விடை முன்பே தெரிந்த ஒரு பகுதி இருக்கிறது. யார் தெலுங்கு படிப்பவர், யார் கற்றவர், யார் கல்லாதவர் என்பது பதிவுக்கு வெளியே நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மூளையின் வேறுபாட்டைத் தேடுகிறார்கள்.

இதைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும்? மூளையின் வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லத் துணிந்தால்? அதைத்தான் நம் நாட்டில் செய்தார்கள். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்த சி. ஆர். முகுந்தன் உருவாக்கிய பியாஸ் என்ற முறை அது. சந்தேகிக்கப்படுபவர் மின்வாய்கள் பதித்த தொப்பியோடு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பேச வேண்டியதில்லை. ‘நான் போனேன்’, ‘நான் வாங்கினேன்’ என்று தன்மையில் அமைந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அவர் காதில் விழும். அந்தச் செயலைத் தாமே செய்த அனுபவம் நினைவில் எழுகிறதா, கேள்விப்பட்ட அறிவு மட்டும்தானா என்று மென்பொருள் தீர்மானிக்கும். 2008 ஜூனில் புனே அமர்வு நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது இந்தச் சோதனையின் முடிவையும் சான்றாக ஏற்றது. உலகமே அந்தத் தீர்ப்பைத் திரும்பிப் பார்த்தது. பின்னர் பம்பாய் உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. அதே ஆண்டில், நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையில் கூடிய நிபுணர் குழு இம்முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றும் சொல்லிவிட்டது. முறை பிறந்ததும் மறுக்கப்பட்டதும் ஒரே நிறுவனத்தோடு தொடர்புடையவர்களால் என்பது பெங்களூருக்குப் பெருமையா சிறுமையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெருமை என்றே நினைக்கிறேன்.

இந்தச் சோதனையை நினைவுச் சோதனை என்று எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அது முதலில் மொழிச் சோதனையாகப் படுகிறது. உள்ளே போவது வாக்கியம். வாக்கியம் காதில் விழுந்தால், குற்றவாளியோ நிரபராதியோ, எந்த மூளையும் அதைப் புரிந்துகொள்ளும் வேலையில் இறங்காமல் இருக்க முடியாது. என்400 போன்ற அலைகள் அப்போது எழவே செய்யும். கொலை, நஞ்சு, பிணம் என்ற சொற்கள் யார் மனத்தையும் கலக்கும். காவல் நிலையத்தில் பல நாள் இதே கதையை இதே சொற்களில் கேட்டுக் கேட்டு அலுத்தவருக்கு அந்த வாக்கியங்கள் பழகிப்போயிருக்கும். செய்யாததை மனத்தில் ஓட்டிப் பார்ப்பதும் மனித இயல்பு. இவற்றை எல்லாம் கழித்த பிறகு ‘செய்த அனுபவம்’ என்று தனியே மிஞ்சும் அலை எது? அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு, காட்டிவிட்டதாகச் சொல்பவருடையது. அடுத்து, அந்த வாக்கியம் எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில் செய்தவர் யார் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சாதாரணம். ‘சாப்பாட்டில் கலந்து கொடுத்தேன்’ என்பதற்கும் ‘கொடுத்தான்’ என்பதற்கும் வேறுபாடு கடைசி அசையில்தான் இருக்கிறது. ‘நான்’ என்று முன்னால் சேர்த்தால் மூளைக்குச் செய்தி முன்பே போய்விடும். சேர்க்காவிட்டால் கடைசி வரை போகாது. மில்லி வினாடிக் கணக்கில் அலையை அளக்கும் ஒரு முறைக்கு இது சின்ன விஷயமா? வினை கடைசியில் வரும் மொழியில், அது வரும்வரை காத்திராமலே கேட்பவர் பொருளைக் கட்டத் தொடங்கிவிடுகிறார் என்பதற்குச் சான்றுகள் உண்டு. தமிழில் ‘எனக்குத் தெரியும்’, ‘அவனுக்குப் பசிக்கிறது’ போன்ற நான்காம் வேற்றுமை எழுவாய்களை மூளை எப்படிக் கையாள்கிறது என்பதை மட்டுமே பொருளாக வைத்து ஆர். முரளிகிருஷ்ணன் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் 2011இல் ஒரு முழு முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதினார். ஒரே ஒரு வேற்றுமை உருபுக்கே அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது. எழுத்துத் தமிழில் ‘கொடுத்தேன்’ என்று ஓதினால், ‘குடுத்தேன்’ என்று மட்டுமே பேசி வளர்ந்தவரின் மூளை அதைத் தன் சொல்லாக ஏற்குமா, செய்தித்தாளின் சொல்லாக ஏற்குமா? இரண்டாம் மொழியில் என்400 தாமதமாகவும் சிறிதாகவும் வருவதைப் பல ஆய்வுகள் பதிந்திருக்கின்றன. வீட்டில் தமிழும் பட்டறையில் கன்னடமும் மேற்பார்வையாளரிடம் இந்தியும் பேசும் ஒரு பீன்யாத் தொழிலாளியை எந்த மொழியில் சோதிப்பார்கள்? தாமதமான அலையைத் தயங்கிய மனம் என்று படித்துவிட்டால் யார் பொறுப்பு?

இதற்கு மருத்துவர்களிடமிருந்து ஓர் ஆட்சேபம் வரும். அதை நான் மதிக்கிறேன். வலிப்பு நோய்க்கு இதே மூளை அலைப் பதிவைத்தானே நம்புகிறோம், அங்கே ஒரு தனி நோயாளியின் பதிவை வைத்துத்தானே மருந்து எழுதுகிறோம், மருத்துவமனைக்கு ஆகும் கருவி நீதிமன்றத்துக்கு ஏன் ஆகாது என்பது அவர்கள் கேள்வி. இந்தப் பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். புதிய அளவுமானி ஒன்று வந்தால், அளவு முன்பே உறுதியான ஒரு மாதிரித் துண்டை அதில் வைத்துப் பார்க்காமல் யாரும் உற்பத்தியில் இறக்குவதில்லை. வலிப்புக்கு அந்த மாதிரித் துண்டு இருக்கிறது: வலிப்பு வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஸ்கேன் இருக்கிறது, அறுவைக்குப் பின் வலிப்பு நின்றதா என்ற பின்விளைவு இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அவற்றோடு ஒப்பிட்டுத்தான் எந்த அலை எதைக் காட்டும், எத்தனை சதவீதம் பிழைக்கும் என்று கற்றார்கள். அதன் பிறகும் எந்த நல்ல மருத்துவரும் பதிவை மட்டும் வைத்து மருந்து எழுதுவதில்லை. நோயாளியின் கதையை முதலில் கேட்கிறார். குற்றத்தில் அந்த மாதிரித் துண்டை எங்கே தேடுவது? உண்மையில் யார் செய்தார் என்பது தெரியாததால்தானே சோதனையே நடக்கிறது. கல்லூரி மாணவர்களைக் கொண்டு பொய்யான திருட்டு ஒன்றை நடத்திப் பதிந்து பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள். நூறு ரூபாய்த் தாளை எடுத்து மறைக்கும் விளையாட்டும், கொலைப் பழி விழுந்து லாக்கப்பில் தூங்காத ஒருவரின் நிலையும் ஒன்றல்ல.

இரண்டாவது ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. இன்று முடியாதது நாளை முடியும், கருவி வளர்கிறது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது என்பார்கள். வளர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், தசை செயலிழப்பு நோயால் தெளிவாகப் பேச முடியாமல் போன ஒரு பெண்ணின் மூளைக்குள் நுண் மின்வாய்களைப் பதித்து, அவர் பேச முயன்றதை நிமிடத்துக்கு 62 சொல் வேகத்தில் எழுத்தாக்கினார்கள். 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 சொல் பிழை. பேச்சை இழந்தவருக்கு இது எவ்வளவு பெரிய வரம்! ஆனால் அவர் விரும்பி, மணிக்கணக்கில் பயிற்சி கொடுத்து, தாம் சொல்ல முயல்வது இன்னது என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்தார். அதே ஆண்டு டெக்சஸின் ஆஸ்டினில் எஃப்எம்ஆர்ஐ பதிவிலிருந்து, கேட்ட கதையின் சாரத்தை வாக்கியங்களாக வடித்த ஆய்வு வந்தது. ‘மனத்தைப் படித்துவிட்டார்கள்’ என்று செய்திகள் முழங்கின. ஆய்வுக் கட்டுரையோ நேர்மையானது. மூன்றே பேர், ஒவ்வொருவரும் இயந்திரத்துக்குள் 16 மணி நேரம் கதை கேட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவரிடம் பழகிய மென்பொருள் இன்னொருவரிடம் பயன்படவில்லை. கதை கேட்கும்போது மனத்துக்குள் வேறு கதையைச் சொல்லிக்கொண்டாலே முடிவு குலைந்துவிட்டது. ஆக, இன்றைய மிகச் சிறந்த கருவிகளும் வேலை செய்வது சம்பந்தப்பட்டவர் ஒத்துழைத்தால்தான். ஒத்துழைக்கும் நிரபராதியை அது படிக்கலாம். ஒத்துழைக்காத குற்றவாளியைப் படிக்காது. நீதிமன்றத்துக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. நாளை சம்மதமின்றியே படிக்கும் கருவி வந்தால் என்ன செய்வது? அப்போது செல்வி தீர்ப்பின் உரிமைத் தர்க்கம் முழு வலிமையோடு வந்து நிற்கும். ஸ்டான்ஃபோர்டு குழுவே 2025இல் உள்மனப் பேச்சைப் பதிந்தபோது, மனத்துக்குள் ஒரு கடவுச்சொற்றொடரை நினைத்தால்தான் கருவி திறக்கும் என்ற ஏற்பாட்டையும் சேர்த்தே சோதித்தது. கருவி செய்பவர்களுக்கே அந்தக் கவலை இருக்கிறது.

மூன்றாவதாகச் சொல்லப்படுவதுதான் நடைமுறையில் வலுவானது: சான்றாக வேண்டாம், விசாரணைக்கு ஒரு வழிகாட்டியாக இருக்கட்டுமே, சந்தேகத்துக்குரியவர் சம்மதித்தால் என்ன தடை? செல்வி தீர்ப்பு இந்தக் கதவைத் திறந்தே வைத்தது. தாமாக முன்வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் வகுத்த நெறிகளின்படி சோதனைக்கு உட்பட்டால் தடையில்லை; முடிவு தானே சான்றாகாது, ஆனால் அதன் வழியே பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ சான்றாகலாம் என்றது. அதன் விளைவாக இச்சோதனைகள் நிற்கவில்லை. 2020இல் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் ஓர் இளம்பெண் இறந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை மத்திய புலனாய்வுத் துறை குஜராத்தின் காந்திநகருக்கு அழைத்துப் போய்ப் பியாஸ் சோதனைக்கு உட்படுத்தியது. இந்த இடத்தில் எனக்குத் தீர்ப்போடு உடன்பாடில்லை. காவலில் இருப்பவர் ‘மாட்டேன்’ என்றால் ‘மறைக்க என்ன இருக்கிறது’ என்ற பேச்சு வரும். ‘சரி’ என்றால் பிழை விகிதம் தெரியாத கருவியிடம் தலையைக் கொடுக்க வேண்டும். வழிகாட்டி என்று சொல்லப்படும் சோதனை புலனாய்வாளரின் மனத்தில் முதலில் குடியேறுகிறது. ‘இவர்தான்’ என்று கோடு காட்டிய பிறகு இன்னொருவரைத் தேட எந்த அதிகாரிக்கு நேரம் இருக்கிறது? தவறான வழிகாட்டிச் சோதனை நிரபராதியை வதைப்பதோடு உண்மைக் குற்றவாளியையும் தப்பவிடும். குற்றத்தில் உறவை இழந்த குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் கணக்கு நஷ்டம்தான்.

இம்முறையை ஆதரிப்பவர்கள் கேட்கலாம், எது வந்தால் நீ ஒப்புக்கொள்வாய் என்று. கேட்க வேண்டிய கேள்வி. முறையை உருவாக்கியவர்களோடும் விற்பவர்களோடும் தொடர்பில்லாத ஆய்வுக்கூடங்கள் சில, ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே பதிவுகளைப் படித்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். உண்மையில் நடந்தது என்ன என்பது வேறு வழியில் ஐயமற நிறுவப்பட்ட நிகழ்வுகளை வைத்து, பதிவைப் படிப்பவருக்கு அது தெரியாமல் சோதிக்க வேண்டும். செய்தவர், பார்த்தவர், கேள்விப்பட்டவர், பலமுறை விசாரிக்கப்பட்டவர் ஆகிய நால்வரையும் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டும். நிரபராதியைக் குற்றவாளி என்று எத்தனை முறை சொன்னது என்ற எண் வெளியாக வேண்டும். மென்பொருள் எந்தக் கணக்கில் தீர்மானிக்கிறது என்பதும் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் கையில் கிடைக்க வேண்டும். இவை அத்தனையும் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும், பேச்சு வழக்கிலும் எழுத்து வழக்கிலும், எழுத்தறியாதவர்களிடமும் செய்யப்பட வேண்டும், ஏனென்றால் நம் சிறைகளில் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். மொழியாராய்ச்சிக்காரர்கள் இட்லியையும் செருப்பையும் பற்றி ஒரு வாக்கியம் சொல்வதற்கே இத்தனை கட்டுப்பாடுகளை ஏற்கிறார்கள். ஒருவரின் ஆயுளைப் பற்றிச் சொல்லும் சோதனையிடம் அதைவிடக் குறைவாகக் கேட்க நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.